குதிருக்குள்ளேயே நெல்லைக் காயவைப்பது எப்படி?

கதிர் அறுக்கும் இயந்திரம் வயலில் கொட்டும் நெல்லில் பெரும்பாலும் 20 முதல் 24 சதவீதம் வரை ஈரம் இருக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். மழை கெடுத்த சில ஆண்டுகளில் ஒன்றிய அரசு இந்த வரம்பை 19, 20 என்று தளர்த்தியது உண்டு. ஆனால் அந்த உத்தரவு வந்து சேர்வதற்குள் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் நெல் முளைவிட்டுவிடும். கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் பக்கத்திலும் ஒவ்வொரு பருவத்திலும் நடக்கும் தகராறுகளில் பாதி இந்த நாலைந்து சதவீத ஈரத்தைப் பற்றியவைதான்.

முன்பு இது இவ்வளவு பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. கையால் அறுத்த கதிர் வயலிலேயே ஓரிரு நாள் கிடந்து காயும். அப்புறம் கட்டு கட்டிக் களத்துக்கு வந்து, அடித்து, தூற்றி, மூட்டைக்குப் போவதற்குள் நெல் தாளிலேயே பாதி காய்ந்திருக்கும். இப்போது பெல்ட் அறுவடை மெஷின் காலையில் இறங்கினால் மாலைக்குள் பத்து டன் பச்சை நெல் வந்து குவிகிறது. அறுவடை வேகமாகிவிட்டது, காயவைக்கும் வேலை மட்டும் அதே வெயிலையும் அதே தார்ச் சாலையையும் நம்பி நிற்கிறது. சேத்தியாத்தோப்பு பக்கம் அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வெயில் அடித்தால் சரி. அடிக்காவிட்டால்? குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிறது. சம்பா தை, மாசியில் வந்தாலும் பனி இருக்கிறது, சில ஆண்டுகளில் பருவம் தப்பிய மழையும் வருகிறது. இதற்கு ஒரு வழி, நெல்லைக் கொட்டி வைக்கும் இடத்திலேயே அடியிலிருந்து காற்றை ஊதிக் காயவைப்பது. காற்று ஈரமாக இருந்தால் அதைக் கொஞ்சம் சூடாக்கி ஊதுவது. அமெரிக்காவின் மக்காச்சோளப் பகுதிகளில் பெரிய தகரக் குதிர்களில் இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்கிறார்கள். தென்கிழக்கு ஆசியாவில் நெல்லுக்கு ஏற்ப இதை மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். இதற்குள் நடப்பது என்ன என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது.

அமைப்பு எளிமையானது. ஒரு வட்டத் தகரக் குதிர் அல்லது செங்கல் சுவர் வைத்த பெட்டி. உண்மையான தரைக்கு ஒன்றரை அடி மேலே ஓட்டை போட்ட தகடு. அந்தத் தகட்டின் மேல்தான் நெல் நிற்கும். ஓட்டை நெல்மணி விழாத அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். தகட்டுக்குக் கீழே இருக்கும் வெற்றிடத்துக்குள் ஒரு விசிறி காற்றைத் தள்ளும். விசிறிக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு சூடேற்றி: மின்சாரமாகவோ, எரிவாயுவாகவோ, உமி அடுப்பாகவோ இருக்கலாம். காற்று நெல்லுக்கு நடுவே மேலேறி, கூரையில் விட்ட திறப்பு வழியாக ஈரத்தைச் சுமந்துகொண்டு வெளியே போகும். கூரைத் திறப்பைச் சின்னதாக வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் சரியாகக் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஈரக்காற்றுக்கு வெளியே போக வழி இல்லை என்றால் அது கூரைத் தகட்டில் பட்டு, இரவில் துளித்துளியாக நெல் மேலேயே சொட்டும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

22 சதவீத ஈரம் என்றால் 100 கிலோ நெல்லில் 22 கிலோ தண்ணீர், 78 கிலோ நெல். ஒரு டன்னை 22-இலிருந்து 17-க்குக் கொண்டுவர எவ்வளவு தண்ணீர் போக வேண்டும்? 5 சதவீதம், ஆகவே 50 கிலோ என்று சொல்லத் தோன்றும். உண்மையில் 60 கிலோ. தண்ணீர் போகப் போக மொத்த எடையும் குறைகிறது, மாறாமல் இருப்பது 780 கிலோ நெல்தான். அந்த 780 கிலோ, புதிய எடையில் 83 சதவீதமாக இருக்க வேண்டும். 780-ஐ 0.83-ஆல் வகுத்தால் 940 கிலோ.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்திருந்தால் வியாபாரி "இத்தனை கிலோ கழிவு" என்று சொல்லும்போது அது நியாயமா என்று உடனே சொல்லிவிடலாம். இன்னொன்றும் தெரியும்: அளவுக்கு மேல் காயவைத்தால் நம் எடைதான் போகிறது. 17-இல் விற்க வேண்டிய நெல்லை 14-க்குக் காயவைத்துக் கொண்டுபோனால் டன்னுக்கு 35 கிலோ குறையும். கொள்முதல் நிலையத்தில் அதற்குத் தனியாக யாரும் பணம் தரப்போவதில்லை. உடனே விற்பவர் 16-ஐ ஒட்டி நிறுத்திக்கொள்ளலாம். சில மாதம் வைத்திருந்து விற்பவருக்கு 14 அல்லது அதற்குக் கீழே வேண்டும். விதை நெல்லுக்கு 12, 13.

காயவைப்பது காற்று, சூடு அதற்குத் துணை

நெல் சூட்டால் காய்கிறது என்றுதான் பொதுவாக நினைப்போம். சூடு மட்டும் போதாது. ஈரத்தை நெல்லிலிருந்து எடுத்துக்கொண்டு போக ஒன்று வேண்டும், அது காற்று. மழைக்காலத்தில் அறைக்குள் கொடியில் போட்ட துணி, அறை வெதுவெதுப்பாக இருந்தும் மூன்று நாள் ஈரமாகவே தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றோட்டம் இல்லாமல் குதிருக்கு அடியில் சூடு மட்டும் வைத்தால் அதைவிட மோசம்: அடியில் கிளம்பும் ஆவி மேலே குளிர்ந்த நெல்லில் போய்த் தண்ணீராகப் படியும். அடி காய்ந்து, மேல் நனைந்துவிடும்.

அடுத்தது, காற்று எவ்வளவு ஈரமாக இருக்கிறதோ அதற்கு ஏற்ற அளவுக்குத்தான் நெல் காயும். இது முக்கியமான இடம், கொஞ்சம் நின்று பார்க்கலாம். காற்று தாங்கக்கூடிய முழு ஈரத்தில் எத்தனை சதவீதம் இப்போது அதில் இருக்கிறது என்பதைத்தான் வானிலை அறிக்கையில் ஈரப்பதம் என்கிறார்கள். ஈரப்பதம் 70 சதவீதமாக உள்ள காற்றை எத்தனை நாள் ஊதினாலும் நெல்லின் ஈரம் ஏறத்தாழ 13-இல் வந்து நின்றுவிடும், அதற்குக் கீழே போகாது. 80 சதவீதக் காற்றில் 15-ஐ ஒட்டி நிற்கும். 90 சதவீதக் காற்றில் 17, 18-இல் நின்றுவிடும். காய்ந்த நெல்லின் மேல் இந்த 90 சதவீதக் காற்றை ஊதினால் என்ன ஆகும்? நெல் அந்த ஈரத்தை வாங்கிக்கொள்ளும். காசு கொடுத்து மின்சாரம் வாங்கி நெல்லை நனைத்ததாகிவிடும்.

கடலோரத்தில் இதுதான் சிக்கல். விருத்தாசலம், திட்டக்குடி பக்கம் மதிய வெயிலில் காற்று நன்றாக உலர்ந்துவிடும். பரங்கிப்பேட்டையிலோ பாகூரிலோ மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பினால் ஈரமும் சேர்ந்தே வரும். இரவிலும் விடியற்காலையிலும் 90-ஐ ஒட்டியே இருக்கும். மழை நாளில் பகலிலும் அப்படித்தான்.

இங்கேதான் சூடு வேலைக்கு வருகிறது. காற்று சூடானால் அதில் உள்ள தண்ணீரின் அளவு மாறாது, ஆனால் அது தாங்கக்கூடிய அளவு கூடிவிடும். 26 டிகிரி செல்சியசில் 90 சதவீத ஈரப்பதமாக இருக்கும் காற்றை வெறும் 5 டிகிரி ஏற்றி 31 ஆக்கினால் அதன் ஈரப்பதம் 67 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 11 டிகிரி ஏற்றினால் 48. ஏறத்தாழ ஒவ்வொரு 11 டிகிரிக்கும் பாதியாகக் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். 90-இல் நெல்லை 17-க்குக் கீழே காயவைக்க முடியாத காற்று, 5 டிகிரி ஏறியதும் 13 வரை கொண்டுபோகக்கூடிய காற்றாக மாறிவிடுகிறது. ஐந்தே டிகிரி. கையை வைத்துப் பார்த்தால் சூடு என்றே சொல்ல மாட்டீர்கள்.

எவ்வளவு காற்று வேண்டும்? 10 டன் நெல்லை 18-இலிருந்து 14-க்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். போக வேண்டிய தண்ணீர் 465 கிலோ. மேலே சொன்ன 31 டிகிரிக் காற்றில் ஒரு கன மீட்டர், நெல்லுக்குள் புகுந்து வெளியே வரும்போது சுமார் 1.7 கிராம் தண்ணீரைத்தான் எடுத்துக்கொண்டு வரும். ஒரு தேக்கரண்டியில் பாதிகூட இல்லை. ஆகவே மொத்தம் ஏறத்தாழ இரண்டே முக்கால் லட்சம் கன மீட்டர் காற்று வேண்டும். நிமிடத்துக்கு 20 கன மீட்டர் தள்ளும் விசிறி இரவு பகலாக ஓடினால் ஒன்பது, பத்து நாள் ஆகும். நாள்கணக்கில் ஆகிறதே என்று பதற வேண்டாம், இந்த முறையே நிதானமானதுதான்.

அடி முதலில், மேல் கடைசியில்

குதிரில் உள்ள நெல் எல்லாம் ஒரே நேரத்தில் காயாது. அடியில் இருக்கும் நெல் புதிய காற்றை முதலில் சந்திக்கிறது, அது முதலில் காயும். அந்தக் காற்று ஓரடி மேலே போவதற்குள் ஈரத்தை நிரப்பிக்கொண்டுவிடும், அதற்கு மேல் எடுத்துக்கொள்ள அதற்குத் திராணி இல்லை. எனவே எந்த நேரத்தில் பார்த்தாலும் குதிருக்குள் மூன்று அடுக்கு இருக்கும்: அடியில் காய்ந்த நெல், நடுவில் காய்ந்துகொண்டிருக்கும் ஒரு பட்டை, அதற்கு மேல் தொடப்படாத ஈர நெல். அந்த நடுப்பட்டை நாளுக்கு நாள் மெதுவாக மேலே ஏறும். அது உச்சியைத் தொடும்போது வேலை முடிந்தது.

மற்ற எல்லா விதிகளும் இந்த ஒரு சித்திரத்திலிருந்து பிறப்பவைதான்.

முதல் விதி, அந்தப் பட்டை உச்சிக்கு வருவதற்குள் மேலே உள்ள நெல் கெட்டுப்போகக் கூடாது. ஈர நெல் மூச்சுவிடும், தானாகவே சூடாகும், பூசணம் பிடிக்கும், மஞ்சளாகும். 24 சதவீத நெல் பத்து நாள் காத்திருக்காது, ஓரிரு நாளிலேயே வாடை வந்துவிடும். அதனால்தான் இரண்டு கட்டமாகச் செய்வது நம் பகுதிக்கு ஏற்றது. முதலில் வேகமாக 18-க்கு இறக்குவது. வெயில் கிடைத்தால் களத்தில், கிடைக்காவிட்டால் வாடகைக்கு வரும் நடமாடும் உலர்த்தியிலோ தட்டு உலர்த்தியிலோ செய்யலாம். தட்டு உலர்த்தியும் இதே தத்துவம்தான். நெல் ஓரடி முதல் ஒன்றரை அடி ஆழம் மட்டும் இருக்கும், 40 முதல் 43 டிகிரிக் காற்று, நடுவே ஒரு முறை கிளறிவிடுவது, எட்டுப் பத்து மணி நேரத்தில் வேலை முடியும். 18-க்கு வந்த பிறகு குதிரில் கொட்டி, மெல்லிய சூட்டில் மீதியை நிதானமாகக் காயவைக்கலாம். 24 சதவீத நெல்லை நேரே ஆளுயரக் குதிரில் கொட்டி ஊதலாம் என்று யாராவது சொன்னால், மேல் இரண்டடி நெல்லுக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள்.

இரண்டாவது, சூட்டில் பேராசை கூடாது. 11 டிகிரி ஏற்றினால் ஒரு கன மீட்டர் காற்று 1.7 கிராமுக்குப் பதில் ஏறத்தாழ 4 கிராம் தண்ணீர் எடுக்கும், ஆகும் நாள்களில் பாதியிலேயே முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த 48 சதவீதக் காற்றில் அடிநெல் 10 சதவீதம் வரை காய்ந்துவிடும். மேல்நெல் இன்னும் 18-இல் இருக்கும்போது அடிநெல் சருகாகிவிட்டது. 14-இல் நிறுத்தியிருந்தால் கிடைத்திருக்கும் எடையில் டன்னுக்கு 44 கிலோ போச்சு. அது மட்டும் இல்லை. மிகவும் காய்ந்த மணியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். அப்புறம் அதே மணி ஈரக்காற்றைச் சந்தித்து ஈரம் வாங்கும்போது இன்னும் வெடிக்கும். மில்லுக்குப் போனால் முழு அரிசிக்குப் பதில் குருணை வரும். குருணையின் விலை என்ன என்று உங்களுக்கே தெரியும். ஆழமான குதிரில் 3 முதல் 6 டிகிரி ஏற்றம் போதும் என்று சொல்வது இதனால்தான். கொஞ்சமாகச் சூடேற்றினால் காரியம் தாமதமாகும், அவ்வளவுதான். அதிகமாகச் சூடேற்றிவிட்டால் திருத்த வழி இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தாமதத்தையே எடுத்துக்கொள்வேன்.

விதை நெல் என்றால் காற்றின் சூடு 43 டிகிரியை எந்தக் காரணத்துக்காகவும் தாண்டக் கூடாது. முளைப்புத் திறன் போய்விடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடலூர் மாவட்டத்தின் வேப்பூர், மங்களூர் பக்கத்து மக்காச்சோளத்துக்கு நிலைமை கொஞ்சம் வேறு. தீவனத்துக்குப் போகும் சோளம் உடைந்தால் பெரிய நட்டம் இல்லை, இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும். ஆனால் அதில் பூசணம் பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சேரும், கோழிப்பண்ணைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். அங்கே தாமதம்தான் எதிரி.

மூன்றாவது, ஆழம். நெல் உயரம் கூடக்கூட விசிறி திணறும். ஆழத்தை இரண்டு மடங்காக்கி, டன்னுக்கு அதே அளவு காற்று வேண்டும் என்றால், விசிறி கொடுக்க வேண்டிய அழுத்தம் ஐந்து மடங்குக்கும் மேல் போகும். நெல்லுக்கு 2 மீட்டர் ஆழத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நாம் கணக்குப் போட்ட 10 டன், சுமார் 3.3 மீட்டர் விட்டமுள்ள வட்டக் குதிரில் 2 மீட்டர் உயரம் நிற்கும். உயரமாகக் கட்டி இடத்தை மிச்சப்படுத்துவதைவிட அகலமாகக் கட்டி மின்கட்டணத்தை மிச்சப்படுத்தலாம். இன்னும் டன் கூட வேண்டும் என்றால் இரண்டாவது குதிர் கட்டுங்கள்.

கொட்டும் முன் தூற்றிச் சுத்தம் செய்வதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பதர், வைக்கோல் துண்டு, மண் எல்லாம் நெல்மணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அடைத்துவிடும். ஒரே இடத்தில் கொட்டினால் தூசியெல்லாம் நடுவில் தங்கி, முழு மணி ஓரத்துக்கு உருளும். காற்று சுலபமான வழியாக, ஓரமாகவே மேலேறும். நடுவில் ஒரு தூண் மாதிரி ஈர நெல் அப்படியே நிற்கும், வாடை வந்த பிறகுதான் தெரியும். பரப்பிக் கொட்டுங்கள், மேலே சமப்படுத்துங்கள்.

எப்போது விசிறி, எப்போது சூடு

நெல்லின் ஈரம் 18-க்கு மேல் இருக்கும் வரை விசிறியை நிறுத்தவே கூடாது, மழை பெய்தாலும் சரி. அந்தக் கட்டத்தில் காற்றின் முதல் வேலை நெல்லைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது. காய்வது அடுத்த வேலை. மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மின்சாரம் எப்படி இருந்தது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். பச்சை நெல் குதிரில் இருக்கும்போது ஜெனரேட்டரோ டீசல் இன்ஜினோ கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

18-க்குக் கீழே வந்துவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம். அப்போது காற்றின் ஈரப்பதம் காட்டும் ஒரு சின்னக் கருவியை விசிறிக்குப் பக்கத்தில் மாட்டிவையுங்கள், விலை அதிகம் இல்லை. வெளிக்காற்று 70-க்குக் கீழே இருந்தால் சூடே வேண்டாம், விசிறி மட்டும் போதும். விசிறி ஓடுவதாலேயே காற்று ஒன்றிரண்டு டிகிரி ஏறும். 75-ஐத் தாண்டினால் சூடேற்றியைப் போடுங்கள், அல்லது விசிறியை நிறுத்திவிட்டு வெயிலுக்குக் காத்திருங்கள். தை மாதத்தில் பனி விலகிய பிறகு பத்து மணியிலிருந்து மாலை நாலு மணி வரை வெறும் விசிறி, இரவில் சூடு என்று ஓட்டினால் எரிபொருள் குறையும். ஈரப்பதத்தைப் பார்த்துத் தானே சூடேற்றியைப் போட்டு அணைக்கும் கருவியும் உண்டு. முடிந்தால் அதை வாங்குங்கள், இரவு இரண்டு மணிக்கு எழுந்து போய்ப் பார்க்கும் வேலை மிச்சம்.

செலவு? நிமிடத்துக்கு 20 கன மீட்டர் காற்றை 5 டிகிரி ஏற்ற 2 கிலோவாட் போதும், ஒரு நாளைக்கு 48 யூனிட். வெளியேறும் ஒவ்வொரு கிலோ தண்ணீருக்கும் ஏறத்தாழ ஒரு யூனிட் என்று வரும், விசிறிக்கு ஆகும் மின்சாரம் தனி. இதற்கு மின்சாரம் கட்டுப்படியாகாது என்று தோன்றினால் உமி இருக்கிறது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. 10 டன் நெல்லிலிருந்து வரும் 2 டன் உமியில், அடுப்பில் பாதிச் சூடு வீணானாலும், 250 கிலோ இருந்தால் இந்த வேலை முடிந்துவிடும். ஆனால் உமிப் புகையை நேரே நெல்லுக்குள் விடாதீர்கள், அரிசியில் புகைவாடை ஏறும். புகை குழாய்க்குள் போக, காற்று குழாய்க்கு வெளியே சூடாகி வரும்படி அடுப்பை அமைக்க வேண்டும். தனி ஆளுக்கு இதெல்லாம் பாரமாகத் தெரியும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தனியாகக் குதிர் கட்டச் சொல்வது எனக்கும் சரியாகப் படவில்லை. ஊருக்கு ஒன்றாக, உழவர் குழு ஒன்று வைத்து வாடகைக்கு விட்டால் கணக்கு ஒத்துவரும். இதில் தொழில்நுட்ப ஆலோசனை வேண்டுமென்றால் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கிய இடம் அது.

காய்ந்து முடிந்ததும் உடனே மூட்டை பிடிக்காதீர்கள். சூடேற்றியை அணைத்துவிட்டு, வெளிக்காற்று உலர்ந்திருக்கும் பகல் நேரத்தில் விசிறியை மட்டும் ஓட்டி நெல்லைக் குளிரவிடுங்கள். சூடான நெல்லைச் சாக்கில் கட்டினால் இரவில் உள்ளேயே வியர்க்கும். ஈரம் பார்ப்பதற்கும் பொறுமை வேண்டும். இப்போதுதான் காய்ந்து முடிந்த நெல்மணியின் மேல்பகுதி உலர்ந்து நடுவில் ஈரம் ஒளிந்திருக்கும், நெல்லின் ஈரம் காட்டும் மானியில் வைத்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ஓர் இரவு விட்டால் நெல்மணிக்குள் ஈரம் சமமாகிவிடும். மறுநாள் அடி, நடு, மேல் என்று மூன்று ஆழத்திலிருந்தும், ஓரத்திலும் மையத்திலும் குத்தூசி விட்டு மாதிரி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து ஒரே எண்ணாகப் பார்க்காமல் தனித்தனியாகப் பாருங்கள். கலந்தால் 14 என்று காட்டும் குதிரில் அடி 12-ஆகவும் மேல் 17-ஆகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் இன்னும் இரண்டு நாள் விசிறி ஓட வேண்டும்.